விரலுக்குத் தோதான பட்டன்

பிரஸ்காரர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் கரண்டி விழுந்தால் நம் வீட்டுக் கரண்டியோ என்று இந்தப் பக்கம் எழுந்து பார்க்கத் தோன்றும். தகர மூடி அடிக்கிற பட்டறையில் அவர் பிரஸ் ஓட்டினார். அவர் மனைவி அதே பட்டறையில், கொட்டுகிற மூடிகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினாள். பிரஸ் இறங்குகிற சத்தத்துக்கு மேலே ஆளைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. பட்டறைக்காரர்கள் அவளுக்குச் சங்கு என்று பெயர் வைத்திருந்தார்கள். அவள் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. "ஊதுற வரைக்கும் ஊதிட்டுப் போறேன், உங்களுக்கென்ன காது வலிக்குதா" என்பாள்.

முதலில் அவள் கையிலிருந்து டம்ளர் நழுவியது. பிறகு பேச்சு குழறியது. குடித்துவிட்டு வேலைக்கு வருகிறாள் என்று பட்டறையில் யாரோ சொன்னார்களாம். அன்றைக்கு அவர்கள் வீட்டில் பெரிய சத்தம். அவள் குரலை நான் முழுசாகக் கேட்டது அதுதான் கடைசி.

பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி நரம்பைச் சோதித்துப் பார்த்துவிட்டுச் சொல்லியனுப்பினார்கள். தசைக்குப் போகிற நரம்பெல்லாம் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வரும், மருந்து கொஞ்சம் தள்ளிப்போடும், நிறுத்தாது. புத்தி மட்டும் அப்படியே இருக்கும். பிரஸ்காரர் என்னிடம் இதைச் சொன்னபோது அந்தக் கடைசிச் சேதியை நல்ல சேதி மாதிரிச் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனாலும் "அது போதும்பா" என்றுதான் சொல்லிவைத்தேன்.

அவருடைய அக்கா தனி ஆள். சட்டைக்குக் காலர் தைத்துக் கொடுக்கிறவர். தன் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து அந்த வீட்டின் முன் அறையில் போட்டார். உள் அறையில் சங்கின் கட்டில். பகலில் தம்பி பட்டறைக்குப் போக, அக்கா தைத்துக்கொண்டே அவளைப் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மெஷின் மோட்டார் ஓட ஆரம்பித்தால் சங்கின் குரல் கட்டிலை விட்டே இறங்காது. சளி தொண்டையில் நின்றுவிட்டால் அவளால் இருமித் தள்ள முடியாது. யாராவது ஓடி வந்து ஒருக்களித்துப் படுக்கவைத்து, ரப்பர் குழாயைப் போட்டு உறிஞ்ச வேண்டும். வரவில்லையென்றால் மூச்சு நின்றுவிடும்.

அதனால் ஒரு மணி வேண்டியிருந்தது.

பிரஸ்காரருக்கு ஏற்கெனவே ஒரு கிறுக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பலகையில் ஒயரும் பேட்டரியும் சின்னச் சின்ன உருப்படிகளும் பரப்பிக்கொண்டு ஈயம் உருக்க உட்கார்ந்துவிடுவார். இருட்டினால் தானாக எரியும் விளக்கு, தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் கத்தும் பெட்டி என்று ஏதாவது செய்வார். தொட்டிப் பெட்டி, மழை பெய்தாலே கத்தியது. தெருவில் எல்லோரையும்விட அதிகமாகக் கேலி பண்ணியவள் சங்குதான். "மத்த வீட்டு ஆம்பளைங்க சம்பளத்துல காய்கறி வாங்கிட்டு வருவாங்க. எங்க வீட்டுக்காரரு கலர் கலரா கரப்பான்பூச்சி கால் வாங்கிட்டு வருவாரு" என்பாள்.

மணி செய்கிற வேலை அவருக்கு ஒன்றுமேயில்லை. பேட்டரி, கத்துகிற பஸ்ஸர், நடுவே ஒரு பட்டன். ஒரு சாயங்காலத்தில் முடித்துவிட்டார். பட்டன் எது என்பதில்தான் எல்லாம் மாட்டிக்கொண்டது.

முதலில் பட்டறையில் கழித்துப் போட்டிருந்த பச்சைப் பட்டனைக் கொண்டுவந்தார். உள்ளங்கை அகலம் இருக்கும். பிரஸ்ஸில் அப்படி இரண்டு பட்டன் வைத்திருப்பார்கள், இரண்டு கையாலும் சேர்த்து அமுக்கினால்தான் மேல் பலகை இறங்கும். ஒரு கை பட்டனை விட்டாலும் நின்றுவிடும். கை உள்ளே இருக்கும்போது தெரியாமல் பட்டு இறங்கிவிடக் கூடாதே என்று அதன் ஸ்பிரிங்கை நல்ல விறைப்பாக வைத்திருப்பார்கள். அப்போது சங்குக்குப் பேச்சு குழறலாக மிச்சமிருந்தது. இரண்டு கட்டைவிரலையும் வைத்து அமுக்கிப் பார்த்தாள். அசையவில்லை.

"என்னை என்ன, தகரம் அடிக்கவா விடப்போறீங்க?" என்றாள். நாக்கு உருண்டாலும் கிண்டல் உருளவில்லை.

"கெட்டியா இருந்தாத்தான் நல்லது. சும்மா சும்மா அடிக்காது."

"அடிக்கவே அடிக்காது."

அடுத்தது கடையில் வாங்கிய நீலப் பட்டன். ஒரு தரம் அமுக்கினால் அப்படியே உள்ளே நின்றுகொள்ளும், மறுபடி அமுக்கினால்தான் வெளியே வரும். அவர் அதைக் கவனிக்காமல் வாங்கிவிட்டார். அவள் அமுக்கினாள், மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. அக்கா கத்திரிக்கோலோடு ஓடி வந்தார். "ஏம்மா, வந்துட்டேன், விடு."

"விட்டுட்டேன் அண்ணி. அதுதான் என்னை விட மாட்டேங்குது."

மூன்று பேரும் சிரித்ததைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து நான் கேட்டேன்.

பிறகு வாசல் மணிக்கு வைக்கிற வெள்ளைப் பட்டன். அமுக்கினால் ஒட்டும், விட்டால் பிரியும். அது கொஞ்ச காலம் ஓடியது. மழைக்காலம் பிறக்கும்போது அந்த விரலுக்கு அதுவும் கனத்துப் போனது. ரேடியோவுக்குள் இருக்கிற, பருப்பு அளவு பட்டனை எடுத்து வைத்தார். அமுக்க லேசுதான், ஆனால் விரல் அதைத் தேடிக் கண்டுபிடிக்கவே பொழுது போய்விட்டது. அதன் மேல் ஒரு சட்டைப் பொத்தானை ஒட்டிப் பார்த்தார். ஓரத்தில் பட்டால் அடிக்கவில்லை, நடுவில் பட்டால்தான் அடித்தது.

மூட்டை இறக்குகிற வேலை எனக்கு விடிவதற்குள் ஆரம்பித்து மதியத்தோடு முடிந்துவிடும். ஒரு சனிக்கிழமை வருகிற வழியில் பிரஸ்காரர் என்னை, ஒயரும் பட்டனும் விற்கிற பார்ட்ஸ் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். குறுகலான கடை. சுவர் முழுக்கச் சின்ன இழுப்பறைகள். கடைக்காரர் யார் போனாலும் முதலில் கேட்பது ஒன்றுதான்.

"என்ன புராஜெக்ட்?"

"காலிங் பெல் மாதிரி ஒண்ணு."

"அப்ப காலிங் பெல் பட்டனே போதுமே."

"அது ஆகலீங்க இப்ப."

"போன மாசம்தான வாங்குனீங்க? அதுக்குள்ள கெட்டுப்போச்சா?"

"பட்டன் கெடலீங்க. விரல்."

கடைக்காரர் கேட்டுக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார். பிறகு உள்ளே போய் ஒரு பெரிய சிவப்பு வட்டப் பட்டனை எடுத்து வந்தார். விளையாட்டுப் பெட்டிகளில் பசங்கள் தட்டித் தட்டி ஆடுகிற பட்டன். "ஓரத்துல தொட்டாலும் இறங்கும். அடி வாங்கறதுக்குன்னே செஞ்சது" என்றார்.

அந்தச் சிவப்புப் பட்டன்தான் அவளுக்குப் பிடித்தது. கட்டில் சட்டத்தில் பலகை வைத்துக் கையடியில் பொருத்தினார். ஒரு தரம் அடித்தால் தண்ணீர், இரண்டு தரம் அடித்தால் திருப்பிப் படுக்கவை, விடாமல் அடித்தால் சளி. சரசரவென்று பல தரம் அடித்தால் பிரஸ்காரரைத் திட்ட வேண்டும், கூட்டிவா என்று அர்த்தம். அது அவளே சேர்த்தது.

அதற்குள் பேச்சு முழுசாக நின்றுவிட்டது. ஆள் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துகளை வரிசையாகச் சொல்ல வேண்டும். வேண்டிய எழுத்து வந்ததும் அவள் கண்ணை மூடுவாள். அப்படிக் கூட்டிக் கூட்டி ஒரு வார்த்தை. பிரஸ்காரருக்கு அதில் பொறுமை போதாது. முதல் எழுத்து வந்ததுமே, "தலைகாணியா? தண்ணியா? தலைவலியா?" என்று அடுக்குவார். அவள் கண்ணை விரித்து முறைப்பாள். நான் வளர்ந்த பிறகு ராத்திரிப் பள்ளியில் எழுத்துக் கூட்டிப் படித்தவன். எனக்கு அடுத்த எழுத்தை முன்கூட்டி ஊகிக்கிற பழக்கம் கிடையாது, வருகிறவரைக்கும் காத்திருப்பேன். அதனால் என்னிடம் பேச அவளுக்கு வசதி. ஒரு மதியம் வெகுநேரம் செலவழித்து ஒரு வரி சொன்னாள். "அண்ணா, உங்க சட்டை நாறுது."

குளிர் வந்தபோது சிவப்புப் பட்டனும் கனத்தது. வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றுதான் மிச்சம். அது நிற்கும், லேசாக இறங்கும், அவ்வளவே. மறுபடி பார்ட்ஸ் கடை.

"எவ்வளவு லேசா வேணும் உங்களுக்கு?" என்று கேட்டார் கடைக்காரர்.

பிரஸ்காரர் அவரை உள்ளங்கையை விரிக்கச் சொல்லி, தன் விரலை அதன்மேல் வைத்தார். இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.

"அமுக்குங்க" என்றார் கடைக்காரர்.

"அமுக்கிட்டேன்."

கடைக்காரர் கையை மூடிக்கொண்டார். ஒரு இழுப்பறையைத் திறந்து, நீளமான தகட்டு நாக்கு வைத்த மைக்ரோ சுவிட்ச் ஒன்றைத் தந்தார். அந்த நாக்கின் நுனியில் ஈ உட்கார்ந்தாலே உள்ளே 'டிக்' என்று கேட்டது.

வீட்டில் அதைப் பொருத்திய நாளிலிருந்து மணி ஓயவில்லை. விரல் தானாக நடுங்கும், அடிக்கும். போர்வை நகரும், அடிக்கும். அவள் பெருமூச்சு விட்டால்கூட அடிக்கும். அக்கா ஒவ்வொரு தரமும் மெஷினை நிறுத்திவிட்டு ஓடுவார். பாதியில் நிறுத்தினால் காலர் முனை கோணிக்கொள்ளும். பிரித்துத் தைக்க வேண்டும். உள்ளே போனால் சங்கு கண்ணை விரித்துப் பார்ப்பாள். நான் கூப்பிடவில்லை என்று அர்த்தம். அக்கா திரும்புவார். நூல் கோப்பார். மணி அடிக்கும்.

அந்த அம்மாளைக் குறை சொல்ல முடியாது. மலம் அள்ளியது, உடம்பு துடைத்தது, கஞ்சியைத் துணியில் வடிகட்டி மூக்குக் குழாயில் விட்டது எல்லாம் அவர்தான். ஒரு நாள் சாயங்காலம் தம்பி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அழுகையாக ஆரம்பித்தார்.

"என்னால முடியலடா. கூப்பிட்டா நூறு தடவை ஓடுறேன். கூப்பிடாமயே ஓடச் சொன்னா எங்கடா போவேன்? காலெல்லாம் வீங்கிப்போச்சு பாரு."

"மெதுவாப் பேசுக்கா."

"என்னத்த மெதுவா? நான் பேசறது இருக்கட்டும், அந்த மணி மெதுவாவா அடிக்குது? ஒண்ணு அவ நிம்மதியா இருக்கணும், இல்ல நானாச்சும் இருக்கணும்."

நான் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவளும் கேட்டிருப்பாள். காதுக்கு ஒன்றும் ஆகவில்லையே.

அன்றைக்கே பிரஸ்காரர் பலகையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பட்டறையில் அவர் கற்றது ஒன்றுதான். பட்டன் என்றால் தப்பித் தவறி வேலை செய்யக் கூடாது. தப்பாக இறங்கிய பிரஸ்ஸில் விரல் போனவர்களைப் பக்கத்தில் நின்று பார்த்தவர். தகட்டு நாக்குக்கு அடியில் பேனாவிலிருந்து எடுத்த ஸ்பிரிங்கை வெட்டி ஒரு துண்டு முட்டுக் கொடுத்தார். சங்கின் விரலை மேலே வைத்து, "அமுக்கு" என்றார். உதடு இறுக, கழுத்து நரம்பு புடைக்க அமுக்கினாள். அடித்தது. "பாத்தியா, இப்ப நீ அமுக்குனா மட்டும்தான் அடிக்கும்" என்றார். அவருக்கு அதில் சந்தோஷம். மணி அடங்கியது. அக்கா மறுநாள் நிறையக் காலர் தைத்தார்.

அதற்கப்புறம் ஒரு மதியம். வெயில் தகரக் கூரையைச் சுட்டுக்கொண்டிருந்தது. நான் தரையில் ஈரத்துணி விரித்துப் படுத்திருந்தேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, நின்றது. பாத்திரச் சத்தம் கேட்டது. பிறகு அக்கா என் பேரைச் சொல்லிக் கூப்பிட்ட விதத்திலேயே எழுந்து ஓடினேன்.

சங்கின் முகம் ஈயம் மாதிரி இருந்தது. உதடு கறுத்துக் கண் மேலே போயிருந்தது. தொண்டையில் கொறகொறவென்று ஒரு சத்தம், அதுவும் விட்டு விட்டு. நான் அவளைப் புரட்டிப் பிடித்தேன். அக்கா ரப்பர் குழாயைப் போட்டார். முதல் தரம் வரவில்லை. இரண்டாம் தரம் சளி கயிறு மாதிரி வந்தது. மறுபடி போட்டார், மறுபடி வந்தது. மூச்சு உள்ளே போன சத்தம் துணி கிழிகிற மாதிரி இருந்தது. விரல் சுவிட்ச் நாக்கின் மேல்தான் இருந்தது. மணி அடிக்கவேயில்லை.

"அடிக்கலண்ணே," என்று அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். "சத்தியமா அடிக்கல. கஞ்சி எடுத்துட்டு வந்தவதான் பாத்தேன். அடிச்சிருந்தா வந்திருக்க மாட்டேனா?"

பிரஸ்காரர் பட்டறை உடுப்போடு ஓடி வந்தார். அவளைத் தொட்டுப் பார்த்தார், நெற்றியைத் துடைத்தார், பிறகு சுவிட்சைக் கழற்றி எடுத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தார். மீட்டர் வைத்துப் பார்த்தார். பேட்டரி சரி. ஒயர் சரி. நாக்கை அமுக்கினால் ஒட்டுகிறது. விட்டால் பிரிகிறது. மறுநாள் வேலைக்குப் போகவில்லை. பழைய பட்டன்களையெல்லாம் எடுத்து ஒவ்வொன்றாகப் பிரித்து, துடைத்து, மறுபடி கோத்தார். அதே மாதிரி மைக்ரோ சுவிட்ச் இன்னொன்று வாங்கி வந்து அதற்கும் முட்டு வைத்தார். விடிந்ததும் அவள் விரலடியில் வைத்து அமுக்கச் சொன்னார். அமுக்கினாள், அடித்தது. கழற்றியதை வைத்தார். அதுவும் அடித்தது.

என் வாசலுக்கு வந்து நின்றார். முகம் சவரம் செய்யாமல் சாம்பலாக இருந்தது.

"எல்லாம் அடிக்குதுண்ணே."

"அப்ப நல்லதுதான?"

"அதுதான் புரியல. இப்ப அடிக்குது. அன்னைக்கு ஏன் அடிக்கல? கேட்டா கண்ண மூடிக்கிறா. நீங்க வந்து கேளுங்க. என்கிட்ட பேச மாட்டேங்கிறா."

கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அவர் கால்மாட்டில் நின்றார். அக்கா கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என்ன தங்கச்சி, அன்னைக்கு என்னாச்சு?" என்று கேட்டுவிட்டு எழுத்துகளை மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தேன். முதல் எழுத்திலேயே மூடினாள். அ. பிறகு மு.

"அமுக்க முடியலியா?" என்றார் பிரஸ்காரர்.

கண்ணை விரித்தாள். இல்லை.

"குறுக்க பேசாதப்பா" என்றேன். தொடர்ந்தேன். க். க. அடுத்து என்ன வரப்போகிறதென்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வாயைத் திறந்திருப்பேனா என்று தெரியவில்லை. ல.

நின்றுவிட்டாள். அமுக்கல.

முன் அறையில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. பிரஸ்காரர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அமுக்கலன்னா?" என்றார். "அமுக்கலன்னா என்ன அர்த்தம்? மறந்துட்டியா? தூக்கமா?" அவள் என்னையே பார்த்தாள். மறுபடி எழுத்துகளுக்குப் போனேன். போ. து. ம். னு.

அக்கா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார்.

அவள் முடிக்கவில்லை. கண்ணால் இன்னும் வா என்றாள். நெற்றியெல்லாம் வியர்வை. அ, ப், பு, ற, ம். பிறகு ப. ய. ம். பிறகு, நிறைய நேரத்துக்குப் பிறகு, அ, மு, க், கி, னே, ன். அதற்கும் பிறகு, இ, ற, ங், க, ல.

நான் சேர்த்துச் சொன்னேன். "அப்புறம் பயம். அமுக்கினேன். இறங்கல." கண்ணை மூடித் திறந்தாள். கண்ணோரத்தில் நீர் வடிந்து காதுக்குள் போனது. துடைக்க அவளுக்குக் கை இல்லை. எனக்குத் துடைக்கத் தோன்றுவதற்குள் அக்கா வந்து துடைத்துவிட்டார்.

"நான் சொன்னதக் கேட்டுட்டுத்தான இப்படிப் பண்ணின?" என்றார் அக்கா. "வாய்க்கு வந்தத ஆயிரம் சொல்லுவேன். நீ சொல்லாததா? என்னைய நீ எவ்வளவு பேசியிருக்க? நான் ஏதாச்சும் பண்ணிக்கிட்டேனா?" திட்டுகிற மாதிரித்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது சங்கின் போர்வையை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார்.

பிரஸ்காரர் வெளியே போய்விட்டார்.

சாயங்காலம் வந்தபோது கையில் புதிதாக ஒரு பட்டன் இருந்தது. பலகையில் ஈயம் வைத்து முடித்து, அவள் விரலை நகர்த்தி அதன் மேல் படிய வைத்தார். ரப்பர் வளையத்தால் விரலைப் பாதி தாங்கிப் பிடிக்கிற மாதிரி ஏற்பாடு, விரல் தளர்ந்தால் வளையம் அதை மேலே தூக்கிவிடும். பொட்டு அளவு கனம் போதும், பட்டன் கீழே இருக்கும்.

"இது வேற மாதிரி," என்றார் அவளிடம். பட்டறையில் புது ஆளுக்குச் சொல்லிக்கொடுக்கிற குரல். "விரல் மேல இருந்தா மணி சும்மா இருக்கும். விரல எடுத்தா அடிக்கும். அமுக்கவே வேணாம் நீ. பயம் வந்தா விட்டுடு. மயக்கம் வந்தா அதுவா விட்டுடும். நீ வேணும்னாலும் அடிக்கும், வேணாம்னாலும் அடிக்கும்."

"தம்பி," என்றார் அக்கா. "அப்ப அவ நாள் முச்சூடும் விரல அதுலயே வச்சிட்டு இருக்கணுமா? ஒரு நிமிஷம் ஓயக் கூடாதா?"

"தூங்கறப்ப நான் கழட்டிடுறேன். நான் பக்கத்துலதான இருப்பேன்."

"முழிச்சிருக்கறப்ப?"

"உசிரு முக்கியமா, ஓய்வு முக்கியமாக்கா?"

பேட்டரியைச் செருகினார். மணி அமைதியாக இருந்தது. சங்கு அவரைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். பிறகு விரலைப் பட்டனிலிருந்து விலக்கினாள். நழுவவில்லை. விலக்கினாள், எல்லோரும் பார்த்தோம்.

மணி அடித்தது. அவர் விரலை எடுத்து மறுபடி மேலே வைத்தார். அவள் மறுபடி விலக்கினாள். மணி அடித்தது. "வைம்மா," என்றார். "சொல்றதக் கேளு." வைத்தார். விலக்கினாள். அதற்கப்புறம் அவர் வைக்கவில்லை, அவளும் வைக்கவில்லை. மணி அடித்துக்கொண்டேயிருந்தது. அந்தச் சின்ன அறையில் அது பல்லுக்குள் போகிற சத்தம். தெருவில் ஜன்னல்கள் திறந்தன. யாரோ வாசலில் வந்து, "என்ன பிரஸ்காரரே, தொட்டி நிரம்பிடுச்சா?" என்று கேட்டுவிட்டு உள்ளே எட்டிப் பார்த்து, வந்த வழியே போனார்கள். அவர் கால்மாட்டில், அவள் தலைமாட்டில். இரண்டு பேரும் கண்ணை எடுக்கவில்லை. பட்டறையில் அவர்கள் போட்ட சண்டையெல்லாம் இப்படித்தான் இருந்திருக்கும், ஒருவர் குரல் மட்டும் மாறியிருக்கிறது என்று நினைத்தேன்.

கடைசியில் அவர்தான் பேட்டரியைப் பிடுங்கினார். பிடுங்கியதும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"நான் என்னதான்டி பண்றது?" என்றார். "எல்லாப் பட்டனும் பாத்துட்டேன். கடையில இல்லாதது ஒண்ணும் பாக்கி இல்ல. எதுதான் வேணும் உனக்கு? நீயே சொல்லு."

அவள் என் பக்கம் திரும்பவில்லை. அவரைத்தான் பார்த்தாள். அவருக்குப் புரிந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுத்துகளைச் சொல்லத் தொடங்கினார். இந்த முறை அவசரப்படவில்லை. ப வந்தது, ழ வந்தது. அவர் வாய் துடித்தது, ஊகித்திருப்பார், அடக்கிக்கொண்டார். சு. பழசு. பிறகு, மு, ட், டு. அதற்கப்புறம், எ, டு.

"பழசு, முட்டு எடு," என்று சொல்லிப் பார்த்தார். "ஸ்பிரிங்கா? ஸ்பிரிங்க எடுக்கச் சொல்றியா?"

மூடித் திறந்தாள்.

"அது சும்மா சும்மா அடிக்குமேம்மா. மூச்சு விட்டா அடிச்சுதே."

மூடித் திறந்தாள்.

அவர் கேட்க நினைத்ததை எங்கள் இரண்டு பேருக்கும் முன்னால் கேட்கத் தயங்கினார். பிறகு கேட்டே விட்டார். "முட்ட எடுத்தா அமுக்குவியா? எப்பவும்?"

அவள் கண் மூடவும் இல்லை, விரியவும் இல்லை. அவர் எழுத்துகளைச் சொன்னார். தோ, ணி, னா. தோணினா.

அவர் அந்த வார்த்தையை ஒரு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். சரி என்று ஆட்டினாரா, வேறு வழியில்லை என்று ஆட்டினாரா, எனக்குத் தெரியாது.

"நீ எடுடா அத," என்றார் அக்கா வாசலிலிருந்து. "சும்மா அடிச்சா அடிச்சுட்டுப் போகுது. காலர் கோணலாப் போனா போகட்டும், எவன் பாக்கறான்."

பிரஸ்காரர் பழைய மைக்ரோ சுவிட்சை மடியில் வைத்து, இடுக்கியால் ஸ்பிரிங் துண்டை உருவினார். அது தெறித்துக் கட்டிலடியில் எங்கோ போனது. யாரும் தேடவில்லை. தகட்டு நாக்கை இன்னும் கொஞ்சம் மேல்நோக்கி வளைத்தார். முன்னைவிட லேசாக. அவள் விரலை எடுத்து, தூங்குகிற குழந்தையைப் படுக்க வைப்பது போல அதன்மேல் வைத்தார். வைக்கும்போதே மணி அடித்தது.

அந்த விரல் இன்னும் எத்தனை நாளைக்கு என்று யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு கன்னத்தில் வைக்கலாமா, புருவத்தில் வைக்கலாமா என்று அவர் கடைக்காரரிடம் கேட்டு வைத்திருக்கிறார். கடைக்காரர் என்ன புராஜெக்ட் என்று இப்போது கேட்பதில்லை.

நேற்று மதியம் சாப்பிட்டுப் படுத்தேன். மெஷின் ஓடியது. மணி அடித்தது. மெஷின் நின்றது. அக்காவின் காலடிச் சத்தம் உள்ளே போனது. நானும் எழுந்து அவர்கள் வாசல் வரைக்கும் போய் நின்றேன். "என்னம்மா, கூப்பிட்டியா?" என்று அக்கா கேட்பது கேட்டது. "இல்லியா? சரி, இரு. வந்தது வந்துட்டேன், தலைகாணிய மாத்திட்டுப் போறேன்." தலையணையைத் தட்டுகிற சத்தம். வீங்கின காலை இழுத்து இழுத்துத் திரும்புகிற சத்தம். மெஷின் ஸ்டூல் நகர்ந்தது. அக்கா உட்காரக்கூட இல்லை, மணி அடித்தது.

அப்படியே உள்ளே திரும்பினார்.